அப்பாவின் புத்தகத்தில் ‘எஸ்ஓஎஸ்’ என்று எழுதியிருக்கிறது

படைவீடு: வாசகர் கேள்வி பதில்

(பதில் அளிப்பவர், தரைப்படையில் எழுத்தராகச் சேர்ந்து 28 ஆண்டுகள் பணியாற்றி, சுபேதாராக ஓய்வு பெற்றுத் திருப்பரங்குன்றத்தில் வசிப்பவர்.)

கேள்வி: என் அப்பா 1964-இல் பட்டாளத்தில் சேர்ந்து 1981-இல் ஊர் திரும்பியவர். சென்ற ஆவணியில் காலமானார். அவருடைய கறுப்புத் தகரப் பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை நாங்கள் இப்போதுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தோம். ஓரிடத்தில் ‘எஸ்பிஆர்’ என்பதை அடித்துவிட்டு ‘என்கே’ என்று எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ‘எஸ்ஓஎஸ்’ என்றும், உடல்நிலை என்ற இடத்தில் ‘ஏஒய்இ’ என்றும் இருக்கிறது. எஸ்ஓஎஸ் என்பது ஆபத்தில் இருப்பவர்கள் உதவி கேட்கும் சொல் அல்லவா? அப்பாவுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று அம்மா உறக்கமில்லாமல் இருக்கிறார். அம்மாவின் பெயரும் ஆதாரில் உள்ளதுபோல் இல்லாமல் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. — மேலூர் வாசகி

பதில்: அம்மாவை முதலில் நிம்மதியாக உறங்கச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஒரு படைப்பிரிவில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்குக்குப் பட்டாளத்தில் ‘ஸ்ட்ரெங்த்’ என்று பெயர். ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தால் ‘டேக்கன் ஆன் ஸ்ட்ரெங்த்’, அதாவது டிஓஎஸ். மாறுதலிலோ ஓய்விலோ புறப்பட்டுப் போனால் ‘ஸ்ட்ரக் ஆஃப் ஸ்ட்ரெங்த்’, அதாவது எஸ்ஓஎஸ். கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம் என்பதற்குமேல் அதற்குப் பொருள் கிடையாது. 17 ஆண்டுகளில் அவர் ஊர் ஊராக மாறிய ஒவ்வொரு முறையும் ஓர் எஸ்ஓஎஸ்ஸும் ஒரு டிஓஎஸ்ஸும் எழுதப்பட்டிருக்கும். கடைசி எஸ்ஓஎஸ்ஸுக்கு மட்டும் எதிர் டிஓஎஸ் கிடையாது, ஏனென்றால் அன்று அவர் வந்து சேர்ந்த இடம் உங்கள் வீடு.

மற்ற எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். எஸ்பிஆர் என்பது சாப்பர். பொறியாளர் படையில் கடைநிலை வீரருக்கு அந்தப் பெயர். என்கே என்பது நாயக். சாப்பராகச் சேர்ந்து, இடையில் அடுத்த படியான லான்ஸ் நாயக்காகி, நாயக்காக ஓய்வு பெற்றிருக்கிறார். ஏஒய்இ என்பது ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை நீட்டி எழுதும் பழைய முறை; குறையில்லாத முதல் தர உடல்நிலை என்று பொருள். இப்போது அதற்குப் பதிலாக ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்துகளில் எழுதுகிறார்கள். மனநிலை, கேட்கும் திறன், கை கால்கள், உடல் திறன், கண்பார்வை ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே எண் போட்டு, ஐந்திலும் குறையில்லை என்றால் ‘ஷேப் ஒன்’ என்பார்கள். அதே புத்தகத்தில் ‘கேரக்டர்’ என்ற இடத்தையும் பாருங்கள். அங்கே ‘எக்ஸெம்ப்ளரி’ என்று இருந்தால், நன்னடத்தைக்குத் தரப்படும் மிக உயர்ந்த மதிப்பு அதுதான். ஒரு மனிதனின் பணிக்காலம் முழுவதையும் பார்த்துவிட்டு எழுதப்படும் சொல் அது. நான் எழுத்தராக இருந்தபோது அந்த ஒரு சொல்லை எழுதும் முன் பழைய தாள்கள் அத்தனையையும் புரட்டியிருக்கிறேன்.

பதக்கங்களின் பட்டியல் இருந்தால் அதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘சங்க்ராம் மெடல்’ 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு உரியது. ‘பஸ்சிமி ஸ்டார்’ என்றால் மேற்குப் போர்முனையில் இருந்தார் என்றும், ‘பூர்வி ஸ்டார்’ என்றால் கிழக்கே, இன்றைய வங்கதேசப் பக்கம் இருந்தார் என்றும் பொருள். அந்தப் போரில் மேற்கே பசந்தர் ஆற்றங்கரையில், எதிரி புதைத்திருந்த கண்ணிவெடிகளை அகற்றி நம் டாங்குகளுக்குப் பாதை திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். உங்கள் அப்பா எந்த ரெஜிமென்ட்டில் இருந்தார் என்பது பணி விவரப் பக்கத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.

பெயர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வீரருக்குத் திருமணமானாலும் பிள்ளை பிறந்தாலும் அவருடைய பிரிவு ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற ஆணையை வெளியிட வேண்டும். அதில் ஏறிய பெயரே பட்டாளத்தின் கண்ணில் உங்கள் அம்மாவின் பெயர். அக்காலத்தில் வீரர் வாயால் சொல்ல, தமிழறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ‘அம்மாள்’ என்பது ‘அம்மா’ ஆகிவிடும். அந்த ஓர் எழுத்துக்காகக் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோனதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். மதுரையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பெயர்த் திருத்தத்துக்கான மனு அங்கிருந்து, வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குப் போகும். மதராஸ் சாப்பர்களுக்கு அது பெங்களூரில் இருக்கிறது. மற்ற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன்: மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பழுது பார்க்கும் படையான இஎம்இக்குச் செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ, பாதுகாப்புத் துறை இடங்களைக் காவல் காக்கும் டிஎஸ்சிக்குக் கண்ணூர். திருத்தம் ஏற்கப்பட்டால் திருத்திய பிபிஓ வரும். எந்த இடத்திலும் நகலை மட்டுமே கொடுங்கள். மூலப் புத்தகத்தை யார் கேட்டாலும் கையைவிட்டு விடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்று வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் அளந்துதான் பேசுவார். ஆனால் பேருந்திலோ ஆஸ்பத்திரியிலோ இன்னொரு பட்டாளத்துக்காரரைப் பார்த்துவிட்டால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், எனக்குப் புரியாத எழுத்துகளாகவே மணிக்கணக்கில் பேசுகிறார். எங்களிடம் சொல்லாததை அவர்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்? — உசிலம்பட்டி வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் மனைவியும் இதையே கேட்டிருக்கிறார். ஒரு ஜவானுக்கு ஆண்டில் 60 நாள் ஏஎல், அதாவது ஆண்டு விடுப்பு. 30 நாள் சிஎல், அதாவது தற்செயல் விடுப்பு. இரண்டும் முழுதாகக் கிடைத்தால்கூட அவர் உங்களோடு இருந்தது 90 நாள். மீதி 275 நாளில் அவர் என்ன சாப்பிட்டார், யார் அருகில் படுத்தார், எதற்குப் பயந்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த 275 நாளையும் விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது அவருக்குப் பேச்சு வந்துவிடுகிறது.

அவர்கள் பேசுவது எப்படித் தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன் இசிஹெச்எஸ் மருந்தகத்தில், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கு 2003-இல் தொடங்கிய மருத்துவத் திட்டத்தின் மருந்தகத்தில், டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருந்தேன். முன் பெஞ்சில் எழுபது வயதுக்காரர் ஒருவர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து அமர்ந்தவர், பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“எந்த சென்டர்ண்ணே?”

“ஜபல்பூர்.”

“ஆப்பரேட்டரா, லைன்மேனா?”

“லைன்மேன். நீங்க நாசிக்கா?”

“ஆமாண்ணே, கன்னர்.”

இந்த ஐந்து வரிகளில் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பாதி தெரிந்துகொண்டுவிட்டார்கள். பயிற்சி பெற்ற ஊரைச் சொன்னால் படை தெரிந்துவிடும். படை தெரிந்தால் தொழில் தெரிந்துவிடும். அடிமட்ட வீரருக்கு எல்லாப் படையிலும் ஒரே பெயர் கிடையாது. காலாட்படையில் சிப்பாய், பொறியாளர் படையில் சாப்பர், பீரங்கிப் படையில் கன்னர், தகவல் தொடர்பில் சிக்னல்மேன், வண்டியும் ஆயுதமும் பழுது பார்க்கும் இஎம்இயில் கிராஃப்ட்ஸ்மேன், டாங்குப் படையில் சவார். மற்றப் படைகளில் ஹவில்தார் என்று சொல்லப்படுபவரை டாங்குப் படையில் தஃபேதார் என்பார்கள். சுருக்க எழுத்தை இடம் மாற்றிப் போட்டால் ஆளே மாறிவிடுவார். சிஓ என்றால் பட்டாலியன் முழுவதற்கும் தலைவரான கர்னல். ஓசி என்றால் அதற்குள் ஒரு கம்பெனிக்குத் தலைவர், பெரும்பாலும் மேஜர். உங்கள் கணவர் ‘சிஓ கூப்பிட்டார்’ என்று சொல்வதற்கும் ‘ஓசி கூப்பிட்டார்’ என்று சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

அந்த லைன்மேன் சொன்ன கதையை உங்களுக்காக எழுதுகிறேன். எல்லைக் காவல் நிலைகளுக்கு நடுவே தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டு போவதே அவர் வேலை. கம்பி உருளையை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். குண்டு விழுந்து கம்பி அறுந்துவிட்டால், எந்த இடத்தில் அறுந்தது என்பது தெரியாது. இரவில் விளக்கும் ஏற்ற முடியாது. இரண்டு பேர் புறப்பட்டு, கம்பியை உள்ளங்கைக்குள் ஓடவிட்டபடி, அது முடிகிற இடம்வரை தடவிக்கொண்டே நடப்பார்கள். அறுந்த முனை கிடைத்ததும் மேலுறையை உரித்து முறுக்கிக் கட்ட வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போய்க் கத்தி நிற்காது, எனவே பல்லால் கடித்து உரிப்பார்களாம். அப்படிச் சொல்லிக்கொண்டே அவர் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன் பல்லின் ஓரம் சின்னதாக உடைந்திருந்தது. கன்னர் தலையசைத்தார். அருகில் இருந்த லைன்மேனின் மனைவி, “கல்யாணமான நாளா இந்தப் பல்லைப் பாக்குறேன், சைக்கிள்ல விழுந்தேன்னுதான சொன்னீங்க” என்றார். அவர் பதில் சொல்லாமல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரைப் போலவே உங்கள் கணவரும் உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்றே பேசாமல் இருந்திருக்கலாம். ‘அங்கே உங்களுக்கு என்ன வேலை’ என்று மட்டும் கேளுங்கள். போரைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறவர்கள்கூடத் தாம் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: ராணுவத்தின் ‘நாயக்’ பதவிக்கும் நம் திருமலை நாயக்கருக்கும் தொடர்பு உண்டா? — கல்லூரி மாணவர், சோழவந்தான்

பதில்: சொல்லளவில் உண்டு. தலைவன், முன்நடத்துகிறவன் என்ற பொருள்கொண்ட நாயக என்ற வடசொல்லே இரண்டுக்கும் வேர். விஜயநகர அரசின் கீழ் படைத்தலைவர்களாக இருந்த நாயக்கர்கள் 1529 முதல் 1736 வரை மதுரையை ஆண்டார்கள். அதே சொல் கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் இறங்கி வந்து, கையில் இரண்டு பட்டை போட்ட பதவியாகிவிட்டது. சுபேதாருக்கும் அதே கதைதான். மொகலாயர் காலத்தில் ஒரு சுபாவை, அதாவது ஒரு மாகாணத்தை, ஆண்டவர் சுபேதார். என்னைப் போன்ற ஓர் எழுத்தன் அந்தப் பெயரோடு ஓய்வு பெறும் அளவுக்கு அது பின்னர் மாறியது. ஹவில்தார் என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். சிப்பாய் பாரசீகச் சொல். நாம் தமிழ் என்றே எண்ணிக்கொண்டிருக்கும் பட்டாளம், பட்டாலியன் என்பதன் திரிபு. ஜமேதார் என்ற பழைய பதவிதான் 1965-இல் நாயப் சுபேதார் என்று பெயர் மாறியது.

நீங்கள் மதுரைக்கு வரும்போது சம்மட்டிபுரம் போய்ப் பாருங்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, கும்பெனிச் சிப்பாய்களுக்கே தலைவராக உயர்ந்து, மதுரையை ஆண்டு, பிறகு அதே கும்பெனியை எதிர்த்து நின்றதால் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட கான் சாகிபின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. சிப்பாய், சுபேதார் என்ற சொற்கள் நம் ஊர் மண்ணில் எவ்வளவு பழையவை என்பது அங்கே நிற்கும்போது தெரியும்.

கேள்வி: விமானப்படையில் இருக்கும் என் மகன், தனக்கு ‘எல்ஏசி’ கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். தொலைக்காட்சியில் எல்ஏசியில் பதற்றம் என்கிறார்கள். அவனை அங்கே அனுப்பிவிட்டார்களா? — வாடிப்பட்டித் தாய்

பதில்: இல்லை, தாயே. அவன் சொன்னது பதவி உயர்வு. விமானப்படையில் ஏர்கிராஃப்ட்மேனாகச் சேர்கிறவர் அடுத்து ‘லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்’ ஆவார், அதன் சுருக்கம் எல்ஏசி. அதற்கு மேலே கார்ப்பரல், சார்ஜென்ட் என்று போகும். தொலைக்காட்சியில் சொல்லும் எல்ஏசி, சீனாவுடனான உண்மைக் கட்டுப்பாட்டுக் கோடு. பாகிஸ்தான் பக்கம் இருப்பது எல்ஓசி. நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்தார். அவருக்கு வீர் சக்ரா விருது அளிக்கப்பட்டது. அதைக் கேட்ட எந்தத் தாய்க்கும் அந்த மூன்றெழுத்து நெஞ்சைப் பிடிக்கத்தான் செய்யும். மகனிடம் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விரிவு கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பி சிஆர்பிஎஃப்பில் 22 ஆண்டுகள் பணியாற்றி வந்திருக்கிறான். முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் அவன் பெயரைப் பதிவு செய்ய முடியாது என்கிறார்கள். இது நியாயமா? — திருமங்கலம் வாசகர்

பதில்: விதி அப்படித்தான் இருக்கிறது. தரை, கடல், வான் ஆகிய முப்படைகளும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி, சிஐஎஸ்எஃப் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய ஆயுதக் காவல் படைகள். ‘முன்னாள் படைவீரர்’ என்ற சட்டச் சொல் முப்படையினருக்கு மட்டுமே உரியது. ஓய்வூதியத்திலும் வேறுபாடு உண்டு. 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தபோது முப்படையினருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. உங்கள் தம்பி தம்முடைய படையின் குரூப் சென்டரை அணுக வேண்டும். ஊரில் நாம் எல்லோரையும் ‘மிலிட்டரி’ என்றே அழைக்கிறோம். காட்டிலும் எல்லையிலும் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கும்போது அந்தப் பெயர் அவர்களுக்கும் உரியதுதான் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவன், சியாச்சினிலும் பணி செய்தேன். பேரன் கதை சொல்லச் சொல்கிறான். அவனோ சண்டைக் கதை கேட்கிறான். எனக்கோ வாய் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? — பேரையூர் முன்னாள் வீரர்

பதில்: வணக்கம் சாகிப். நானும் உங்களைப் போல் தயங்கியவன்தான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19-ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் நம் மதுரை மாவட்டத்துப் பையன். அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் உங்களுக்கு எதுவெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் என்று என்னால் எண்ணிப்பார்க்க முடிகிறது. அதைப் பேரனிடம் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. கூடாரத்தில் குளிர்காயும் புக்காரியிலிருந்து தொடங்குங்கள். மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் புகைக்கரி, காலையில் காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக இருப்பது, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை வெட்டி வந்து உருக்க வேண்டியிருப்பது, ஒரு குவளை தேநீருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது: இவற்றைச் சொல்லுங்கள். லங்கர் என்ற பட்டாளச் சமையற்கூடத்தில் ரொட்டி தின்று அலுத்துப்போய், படா கானா என்ற பெருவிருந்து நாளன்று சாம்பார் சோற்றைப் பார்த்தபோது எப்படியிருந்தது என்று சொல்லுங்கள். சுருக்க எழுத்து வரும் இடத்தில் எல்லாம் நின்று, விரித்துச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

என் மேசையில் நடந்த ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்கிறேன். ஒரு ஜவான் இறந்துவிட்டால், அவருடைய தாள்களில் ‘என்ஓகே’ என்ற கட்டத்தை எழுத்தன்தான் முதலில் தேடுவான். நெக்ஸ்ட் ஆஃப் கின், அதாவது செய்தியை முதலில் தெரிவிக்க வேண்டிய உறவு. ஒரு முறை அந்தக் கட்டத்தில் ஓர் அம்மாவின் பெயரும், உசிலம்பட்டித் தாலுகாவில் ஓர் ஊரும், ‘கோயிலுக்கு எதிர் வீடு’ என்ற அடையாளமும் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன், சேர்ந்த புதிதில், அந்தப் பையன் என் எதிரே நின்று சொல்லச் சொல்ல நானே எழுதியது அது. கதவு எண் கேட்டேன். “எண்ணெல்லாம் கிடையாது சாகிப், கோயிலுக்கு எதிர்ல போய் நின்னு கூப்பிட்டா அம்மா வந்துரும்” என்றான். இதை என் மகளிடம் சென்ற மாதம்தான் முதன்முறையாகச் சொன்னேன்.